மலை ஏற 800 சிசி போதும், இறங்கத்தான் செலவு

ரம்புக்கனை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிறுவயதிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை இங்கே முடிந்து ஒற்றைப் பாதையாகிறது. சமதரையும் ஏறக்குறைய இங்கேயே முடிகிறது. இதற்கு மேல் கடுகண்ணாவை வரை 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏற்றம். நீராவிக் காலத்தில் பாரமான வண்டிகளுக்கு இந்த நிலையத்தில்தான் இரண்டாவது இஞ்சின் கோர்ப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு கூட்டம் நிற்குமாம். ரயில்வேயில் வேலை செய்த என் மாமாவுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டால் சிரிப்பு வரும். "மேல போறதப் பார்க்க என்னடா இருக்கு? கடுகண்ணாவையில இருந்து கீழ வர்றதுதான்டா வேலை" என்பார்.

மாமா சொன்னது எனக்கு விளங்க 30 வருடமும், ஒரு பழைய மாருதியும், இறம்பொடைக்குக் கீழே ஒரு கானும் தேவைப்பட்டன.

ஏப்ரல் மாதம் வந்தால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் நுவரெலியாவுக்குக் கிளம்புகிறார்கள். வசந்த காலக் கொண்டாட்டத்தில் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் இருந்தாலும், இவர்கள் போவது மஹகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டத்தைப் பார்க்க. 1930களில் தொடங்கிய போட்டி அது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே வளைந்து ஏறும் ஒரு சிறிய தார்ப் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாக விடப்படும். யாரையும் முந்த வேண்டியதில்லை, கடிகாரத்தோடு மட்டுமே போட்டி. துரைமார் தங்களுக்காகத் தொடங்கிய விளையாட்டு. எங்கள் ஆட்கள் வெட்டிப் பராமரித்த தோட்டப் பாதையில் எங்கள் ஆட்களே நெடுங்காலம் வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் நின்றார்கள். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ஓட்டத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, லயத்துப் பொடியன்கள்கூட டயர் அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களில் பலர் கையில் உள்ள பழைய காரைத் தட்டி நிமிர்த்தி நான்கு பேராக மேலே போய்விடத் துடிக்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். முதல் தடவை பிழையாகப் போனேன். அதன் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இலங்கையில் 'மலிவான கார்' என்று ஒன்று இல்லாமல் போனது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்க அனுமதித்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் வேறு நாடுகளில் இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய கார்களை நாங்கள் இலட்சக் கணக்கில் கொடுத்து வாங்கினோம். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எட்டு இலட்சத்துக்கு ஒரு மாருதி 800 வாங்கினோம். எங்களைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு அதற்கு. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர், 12 அங்குலச் சில்லு.

அந்த இஞ்சினைக் கேலி செய்ய வேண்டாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் இதே மாருதி 800 இஞ்சினை வைத்துத்தான் ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டினார். 'போர்முலா மாருதி' என்ற அந்தப் பிரிவில் ஓடிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா வன் வரை போனார். கோவையில் உள்ள பந்தயத் திடலுக்குக் கரிவரதனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பழைய கார்களில் போகும் 'மொங்கோல் ரலி' என்ற நெடுந்தூரப் பயணத்திலும் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இஞ்சின் வேண்டாம் என்பதே விதி. ஆக, நுவரெலியாவுக்கு 800 சிசி போதுமா என்ற கேள்வியை விட்டுவிடலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களில் இரக்கம் காட்டக்கூடாது. முதலாவது பத்திரம். பல பழைய கார்கள் ஐந்தாறு கை மாறியும் முதல் உரிமையாளர் பெயரிலேயே, 'ஓப்பன் பேப்பர்' என்று சொல்லப்படும் கையெழுத்துத் தாள்களோடு ஓடுகின்றன. விபத்து ஒன்று நடந்து காப்புறுதி, பொலிஸ் என்று போகும்போதுதான் அந்தத் தாளின் பெறுமதி தெரியும். பதிவுச் சான்றிதழில் உள்ள இஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு டோர்ச் அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உரிமை மாற்றம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். இவையில்லாமல் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. இரண்டாவது துரு. பெயின்ட் பார்த்து மயங்காமல், கால் மிதியைத் தூக்கித் தரையை அழுத்திப் பாருங்கள். இஞ்சினை மாற்றலாம், பிரேக்கை மாற்றலாம். ஆசனப் பட்டி பூட்டியிருக்கும் இரும்பு உக்கியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது.

எங்கள் கார் உள்ளே பழுதானதற்கு 2022ஆம் ஆண்டும் ஒரு காரணம். அந்த வருடம் ஏப்ரல் 19ஆம் திகதி எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக ரம்புக்கனை ரயில் கடவையில் கூடிய மக்கள் மீது பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. முதல்நாள் இரவு 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றருக்கு 84 ரூபாய் கூட்டப்பட்டு 338 ரூபாய் ஆகியிருந்தது. பிறகு ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றார்கள். எங்கள் மாருதி அதற்கும் வக்கில்லாமல் மாதக்கணக்கில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அப்படிக் கிடக்கும் கார் ஓடும் காரைவிட வேகமாகக் கெடும். டாங்கியில் உள்ள பெற்றோல் பழசாகிக் கார்புரேட்டரின் துவாரங்களில் பிசுபிசுப்பாகப் படியும். பின் சில்லுகளுக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகும். அதன் பிறகு வந்த ஒரு ஏப்ரலில் நாங்கள் அந்தக் காரை எடுத்து என்ன செய்தோம் தெரியுமா? கழுவினோம். ஒயில் மாற்றினோம். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டினோம். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினோம். பிரேக்கைப் பார்க்கச் சொல்லி ஓரிடத்தில் விட்டபோது, குறைந்திருந்த பிரேக் ஒயிலை நிரப்பித் தந்தார்கள். நாங்களும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மேலே போனது அருமையான பயணம். போட்டியைப் பார்த்துவிட்டு மறுநாள் கீழே இறங்கும்போது, இறம்பொடையைத் தாண்டிப் புசல்லாவை நோக்கி வரும் வளைவுகளில் முதலில் ஒரு கருகல் மணம் வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றான் நண்பன். நாலைந்து வளைவுகள் போயிருக்கும், பிரேக்கை மிதித்தபோது கால் பஞ்சுக்குள் போவது போல அடிவரை போனது. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது கியருக்குத் தள்ளி, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கக் கானுக்குள் இடது சில்லுகளை இறக்கி மண்ணோடு உரசி நிறுத்தினேன். பின் ஆசனத்தில் பட்டி இல்லாமல் இருந்த நண்பனின் ஒன்பது வயது மகனின் நெற்றி முன் ஆசனத்தில் மோதி வீங்கியது. அவ்வளவுதான் காயம். மறுபக்கம் பள்ளம்.

என்ன நடந்தது என்பதை ரம்புக்கனையில் பலா மரத்தடியில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் பாஸ் பிறகு விளக்கினார். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டொட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அதுவே 140 பாகையில் கொதிக்கலாம். டொட் 4இல் இந்த எண்கள் 230, 155. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். காலால் மிதிக்கும் பலம் முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சில்லுக்குப் போகாது. அரை மணி நேரம் ஆறியதும் பிரேக் பழையபடி பிடிக்கும். அதனால்தான் பலர் 'ஏதோ சும்மா ஒரு தடவை' என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டிப் போகிறார்கள்.

எவ்வளவு வெப்பம் என்று பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரின் வெற்று எடை ஏறக்குறைய 650 கிலோ. நான்கு பேரும் பைகளும் இன்னும் 300 கிலோ. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு வந்தால் சுமார் 1,400 மீற்றர் இறக்கம். அந்த எடை அவ்வளவு தூரம் கீழே வரும்போது வெளிப்படும் சக்தி, 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதியை இஞ்சின் எடுக்கலாம், அல்லது உள்ளங்கை அளவுள்ள பிரேக் பேட்கள் எடுக்கலாம். எந்தக் கியரில் இறங்குகிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறி சாரதிகள் சொல்வது இதற்காகத்தான். மாருதி போன்ற காருக்கு இறம்பொடை இறக்கத்தில் இரண்டாவதும் மூன்றாவதும்தான். இஞ்சின் இரையட்டும், அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கை எந்நேரமும் லேசாக மிதித்தபடி வராமல், வளைவுக்கு முன் ஒரு தடவை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். எரிபொருள் நெருக்கடிக் காலத்தில் பலர் பழகிக்கொண்ட ஒரு கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. சிலர் இஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் இஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். மிச்சம் பிடிக்கும் நூறு இருநூறு ரூபாய்க்கு அது பெறுமதியில்லை.

நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலான ரதெல்ல குறுக்குப் பாதையை மலையகத்தில் தெரியாதவர்கள் குறைவு. 2023 ஜனவரி 20ஆம் திகதி, பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று அந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வேன் ஒன்றிலும் முச்சக்கரவண்டி ஒன்றிலும் மோதியது. அந்த இரண்டு வாகனங்களிலும் வந்த 7 பேர் இறந்தார்கள். அதே ரதெல்லையிலும் மலையேற்றக் காரோட்டம் நடப்பதுண்டு. போட்டி நாளில் தலைக்கவசமும் தீயணைப்பு வண்டியுமாக இருக்கும் அந்தப் பகுதிப் பாதைகளில், மற்ற நாட்களில் எங்கள் சனம் தேய்ந்த பிரேக்கோடு இறங்குகிறது. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் நாங்கள் போகும் பாதையில்தான். அங்கே நடந்ததற்குக் காரணங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்தைக் கடக்கும்போது காரில் யாரும் பேசுவதில்லை.

இனிச் செலவு. அமெரிக்காவில் 2006இல் இருந்து 'லெமன்ஸ்' என்ற பெயரில் ஓட்டைக் கார்களுக்கான நீள்நேரப் பந்தயம் ஒன்று நடக்கிறது. கார் 500 டொலருக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் பிரபலமான விதி. பலரும் கவனிக்காத பகுதி என்னவென்றால், பிரேக்குக்கும் டயருக்கும் பாதுகாப்புச் சாமான்களுக்கும் செலவழிப்பது அந்த 500இல் சேராது. கிறுக்குத்தனத்துக்காகவே நடத்தும் பந்தயத்தில்கூட இந்த இடத்தில் விளையாடுவதில்லை. இரண்டாவது தடவை நாங்கள் ஒரு இலட்சம் ரூபாய் ஒதுக்கியபோது அதே முறையைப் பின்பற்றினோம். டயரும் பிரேக்கும் முதலில், பிறகு குளிரூட்டல், மிச்சம் இருந்தால் மற்றவை. மிச்சம் இருக்கவில்லை.

பிரேக்கில் நாங்கள் செய்தது: முன் பேட் புதிது, பின் லைனர் புதிது, பின் சிலிண்டர் இரண்டும் புதிது, வெடித்திருந்த இறப்பர் ஹோஸ்கள் புதிது, பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றி மூடி உடைக்காத போத்தலில் இருந்து டொட் 4. மாஸ்டர் சிலிண்டரை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே பூட்டினோம். பிரேக்குக்கான எந்தப் பாகத்தையும் பழைய சாமானாக வாங்காதீர்கள். பஞ்சிகாவத்தையில் கண்ணாடி, கதவுப் பிடி, டைனமோ எல்லாம் பழையது வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். மாவனெல்லையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நானா, நான் விலை பேசத் தொடங்கியதும் பிரேக் சிலிண்டர் பெட்டியை மேசைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, விலை குறைஞ்சதும் இருக்கு. அத நான் என்ட காருக்குப் போட மாட்டேன்." கேட்ட விலையைக் கொடுத்தேன். புதிய பேட் போட்ட அன்றே மலைக்குப் போகவும் கூடாது. ஆளில்லாத பாதையில் 50இல் இருந்து 20க்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டு மெதுவாகப் பிடித்துப் பழக்க வேண்டும். பாஸ் எங்களைக் கொண்டு பின்னவலைப் பாதையில் விடிய ஐந்து மணிக்கு அதைச் செய்வித்தார்.

டயர் விஷயத்தில் கேகாலை மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். இறப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் நாங்கள். வெயிலில் கிடந்த ஒட்டுப்பால் இறுகிப் போவதைச் சிறுவயதில் கையால் தொட்டு அறிந்தவர்கள். அப்படியிருந்தும் பூ தேயாத டயர் என்றால் நல்ல டயர் என்றே எடுத்துக்கொள்கிறோம். டயரின் பக்கச் சுவரில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. எங்கள் காரில் இருந்தவை பார்ப்பதற்குப் புதிது போல இருந்தன, வயது பதினொன்று. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போலச் சத்தம் கேட்டது. அப்படியான டயர் வெயிலில் ஓடும். நுவரெலியா மூடுபனியில் நனைந்த பாதையில் வழுக்கும். நான்கு புதிய டயர்களும் எங்கள் ஒரு இலட்சத்தில் பாதிக்கு மேல் தின்றன. சாலைக்கு ஏற்ற சாதாரண டயர்கள்தான், பெரிய சில்லும் அகன்ற டயரும் இந்தக் காருக்கு வேண்டாம், ஸ்டியரிங்கும் பெயாரிங்கும் தாங்காது. ஐந்தாவது டயரையும் காற்றடித்து வைக்க மறக்காதீர்கள். அந்த முறை நாங்கள் அதை மறந்தோம், நல்ல வேளை தேவைப்படவில்லை.

குளிரூட்டலில் பலர் ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு அதன் மூடியை விட்டுவிடுகிறார்கள். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 110 பாகையிலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சில நூறு ரூபாய்ச் சாமான், மாற்றிவிடுங்கள். ஹோஸ்களை நசுக்கிப் பாருங்கள், உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டால் அதையும். பிறகு காரை வாசலில் நிறுத்தி 20 நிமிடம் ஓடவிட்டு, மின்விசிறி தானாகச் சுற்றி, நின்று, மறுபடியும் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டு தடவை சுற்றினால்தான் சுவிட்ச் ஒழுங்கு. விசிறியை நேரடியாக வயரில் கொடுத்து எந்நேரமும் சுற்றவிடுவது நம்மூர் வைத்தியம், அவசரத்துக்குப் பரவாயில்லை. வழியில் சூடேறினால் ஓரம் கட்டி, போனட்டைத் திறந்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இஞ்சினில் செய்ய வேண்டியது அதிகமில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பிளக், பொயின்ட், பெற்றோல் பில்டர், ஏர் பில்டர், கார்புரேட்டர் கழுவல். மேலே போனதும் கார் சோம்பேறியாகும், பயப்பட வேண்டாம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும். கார்புரேட்டர் அதே அளவு பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கறுப்புப் புகையும் வரும். நுவரெலியாவில் நின்று அதைத் திருகிச் சரிசெய்தால், ரம்புக்கனைக்கு இறங்கியதும் பெற்றோல் போதாமல் இஞ்சின் சூடேறும். தொடாமல் விடுங்கள்.

பின் ஆசனத்துக்குப் பட்டி போட்டோம். எனக்கு அதுதான் முக்கியமான வேலையாகத் தெரிந்தது. காரின் உடலில் அதற்கான பூட்டும் இடங்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று பாஸ் தட்டிப் பார்த்த பிறகே போட்டார். சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றிப் பழையதைப் பூட்டினோம். பொலிஸ் தண்டம் ஒருபுறம் இருக்க, அந்தச் சத்தத்தில் பிரேக் உரசுவதோ பெயாரிங் முனகுவதோ காதில் விழாது. பையில் எடுத்துப்போவதற்கு நீண்ட பட்டியல் தேவையில்லை: ஜக்கும் சில்லு சாவியும், ஐந்து லீற்றர் தண்ணீர், ஒரு போத்தல் பிரேக் ஒயில், பியூஸ், கம்பித் துண்டு, டோர்ச், சில்லுக்கு அணைக்க இரண்டு மரக்கட்டை. மரக்கட்டையைப் பார்த்து என் தம்பி சிரித்தான். கை பிரேக் மட்டும் நம்பி ஏற்றத்தில் சில்லு கழற்றியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ரம்புக்கனையில் இருந்து பின்னவலை, கரண்டுபன வழியாகக் கண்டி வீதிக்கு ஏறி, மாவனெல்லை, கடுகண்ணாவை, பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை, நுவரெலியா. ஏறக்குறைய 120 கிலோமீற்றர். கடுகண்ணாவை ஏற்றத்தை ஒரு பரீட்சையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெப்பமானி முள் பாதிக்கு மேல் ஏறினால் இறம்பொடை பற்றி யோசிக்காமல் திரும்பிவிடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் இப்படியான பரீட்சை மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டைப் பக்கத்தவர்கள் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாகப் போகலாம். ஏப்ரலில் எந்த வழியானாலும் விடிய மூன்று மணிக்கு முன் கிளம்பினால்தான் வாகன வரிசையில் நின்று கிளட்ச் கருகாமல் போய்ச்சேரலாம்.

போட்டி நடக்கும் இடத்தில் எங்கே நிற்பது என்பதும் ஆயத்தத்தில் ஒரு பகுதி. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி என்பதால் கூட்டம் கட்டுக்கடங்காமல் இருந்தது. வளைவின் வெளிப்பக்கத்தில், பாதைக்குச் சமமான மட்டத்தில் நிற்காதீர்கள், படம் நன்றாக வரும் இடம் அதுதான் என்றாலும். வளைவின் உட்பக்கம், உயரமான மண்மேடு, முன்னால் ஏதாவது தடுப்பு, பின்னால் ஓட இடம். கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கம். சின்னப் பிள்ளைகள் கைப்பிடிக்குள். அப்புறம், தேயிலைச் செடிகளை மிதித்துக்கொண்டு நடக்காதீர்கள். திங்கட்கிழமை அதே செடியில் கொழுந்து எடுத்து நிறை காட்ட வேண்டியவர்கள் நம் அக்காமார்.

இரண்டாவது பயணத்தில் நண்பனின் மகனும் வந்தான். பட்டி மாட்டியிருக்கிறதா என்று அவனே இழுத்துப் பார்த்துக்கொண்டான். மஹகஸ்தோட்டையில் ஒரு பழைய மினி கடைசி வளைவில் பின்சில்லு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறியதைப் பற்றி லபுக்கலை வரை பேசிக்கொண்டு வந்தான். இறம்பொடைக்குக் கீழே அந்தக் கான் இருக்கும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதில் நிறுத்தி, முன்சில்லுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். சூடுதான், ஆனால் மணமில்லை. பிளேன்டீயும் பராட்டாவும் சாப்பிட்டு இருபது நிமிடம் இருந்துவிட்டு, இரண்டாவது கியரில் கிளம்பினோம். பின்னால் வந்த வேன்காரர் ஹோன் அடித்தபடியே கம்பளை வரை வந்தார்.